ஆடி அமாவாசையில் வந்த வெளிச்சம்

நமது பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் ஊசல் ஒன்று தொங்குகிறது. சுவரில் அடித்த ஆணியிலிருந்து ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு, அவ்வளவுதான். குண்டை ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, நூலின் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பூமி தன்பால் பொருள்களை இழுக்கும் வேகம் எவ்வளவு என்பது கிடைக்கும். விடை 9.8 என்று பாட புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. பையன்களுக்கும் அது முன்பே தெரியும். ஆபத்தெல்லாம் அதிலேதான் இருக்கிறது.

சென்ற மார்கழியில் ஒருநாள் இரவு நாம் ரிகார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு நோட்டில் விடை 9.80 என்று வெகு அழகாக வந்திருந்தது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் சுத்தம்! ஆனால் பக்கத்தை விளக்கின் கீழ்ச் சற்றுச் சாய்த்தபோது, ரப்பரால் அழித்த பென்ஸில் எழுத்துக்களின் தடம் தெரிந்தது. அழிந்துபோன அந்த எண்களைத் தடவித் தடவிப் படித்து, நாமே கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10.86 என்று வந்தது.

மறுநாள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் ஒளிக்கவில்லை. "விடை தப்பாக வந்தது ஸார். அதனால் அளவுகளைச் சரி பண்ணிவிட்டேன்" என்றான். மிகவும் நல்ல பையன். சரிபண்ணுவது ஒரு குற்றம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

அவனை அதட்டுவதற்காக வாயைத் திறந்தோம். திறந்த வாயை மூடிக்கொண்டோம். காலேஜில் வாசித்த நாளில் நாமும் இதே காரியத்தைச் செய்திருக்கிறோம். அப்போது நமது நோட்டிலும் கையெழுத்து விழுந்தது, மார்க்கும் கிடைத்தது. ஆகையால் அதட்டலை விட்டுவிட்டு, வகுப்பு முழுவதுக்கும் ஒரு கதை சொன்னோம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்ல உத்தேசம்.

தைப்பூசத்தன்று பூரணச் சந்திரன் நிற்கும் இடத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். கடக ராசியில் பூச நட்சத்திரம் இருக்கும் இடம் அது. நிலாவில்லாத நல்ல இருட்டில் அங்கே ஒரு சிறு புகைப் படலம் போன்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கிழக்கே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலத்தில், ஓர் ஒளிப் புள்ளி இருக்கிறது. வெறுங் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் பார்த்தாலும் மங்கலான ஒரு சாதாரண நட்சத்திரம் போலவே தோன்றும். அமெரிக்காவில் ஒஹையோ என்னும் ராஜ்யத்தில், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கணக்கெடுத்தவர்கள் அதற்கு 'ஓஜே 287' என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். அன்று முதல் அதுவே அதன் பெயராயிற்று. கைதிக்கு இட்ட எண் போலிருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கைதியைப் போல உலகத்து வான சாஸ்திரிகளைத் தூங்கவொட்டாமல் அடித்தவர் வெகு சிலரே.

அது நட்சத்திரமே அல்ல. சுமார் 350 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஓர் அண்டத்தின் நடு மையம். கோடிக்கணக்கான சூரியர்கள் சேர்ந்து ஒரு கூட்டமாயிருப்பதையே அண்டம் என்கிறோம். நமது சூரியனும் அப்படி ஓர் அண்டத்தில்தான் குடியிருக்கிறான். இன்று நம்மை வந்தடையும் அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பூமியில் மனிதனுமில்லை, மரமுமில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன.

இத்தகைய அண்டத்தின் நடுவில் கருந்துளை ஒன்று இருக்கிறது. தன்னிடமிருந்து வெளிச்சங்கூடத் தப்ப முடியாதபடி இழுக்கும் பொருளுக்கு அப்பெயர். வெளிச்சத்தையே விழுங்குவது எவ்வாறு பிரகாசிக்கும் என்று கேட்பது நியாயமே. துளை பிரகாசிப்பதில்லை, துளைக்குள் விழப்போகும் வாயுதான் பிரகாசிக்கிறது. அந்த வாயு நேராக விழாமல், வட்டத் தட்டுப் போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றும்போது உராய்ந்து, கொதித்து, அண்டத்திலுள்ள நட்சத்திரங்கள் அனைத்தையும் மழுங்கடிக்கும்படி ஜ்வலிக்கிறது. இவ்வாறு மையம் கனன்றுகொண்டிருக்கும் அண்டங்களை 'இயங்கும் அண்டங்கள்' என்கிறார்கள்.

இந்த வெளிச்சம் ஒரே சீராக இருப்பதில்லை. திடீரென்று குப்பென்று எழும், பிறகு தணியும். சில நாளிலேயே இப்படி மாறுவதுமுண்டு. இதிலிருந்து ஒரு பெரிய உண்மையை ஊகித்தார்கள். ஒரு நீண்ட தெருவில் எல்லா வீட்டு விளக்குகளையும் அணைக்க வேண்டுமென்று ஒரு கோடியிலிருந்து ஓர் ஆளை ஓடச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மறுகோடிக்குப் போய்ச் சேரும் முன் தெரு முழுதும் இருளாகாது. பிரபஞ்சத்தில் ஒளியைவிட வேகமாக ஓடும் ஆள் கிடையாது. ஆகவே இரண்டு மூன்று நாளில் ஒரு வெளிச்சம் மாறுகிறதென்றால், அது பிறக்கும் இடம் ஒளி இரண்டு மூன்று நாளில் ஓடும் தூரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள அண்டத்தில் அது ஓர் எள்ளுக்குச் சமானம். எள்ளளவு இடத்தில் இத்தனை வெளிச்சத்தைப் பிறப்பிக்கக் கருந்துளை ஒன்றினாலேயே இயலும். மினுக்குவதைக் கவனித்ததனால் வந்த ஞானம் இது.

ஓஜே 287 விஷயத்திலோ ஒரு விசேஷம் உண்டு. அதன் எண்ணும் பெயரும் 1960-களில் வந்தவையே என்றாலும், அதற்கு வெகு காலம் முன்பே அது படம் பிடிக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துத் தேதியிட்டு அடுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் இத்தகைய தகடுகள் 5 லட்சத்துக்கு மேல் உள்ளன. படம் எடுத்தவர்கள் வேறு எதையோ தேடி எடுத்தார்கள். மூலையில் கிடந்த இந்தப் புள்ளியை அவர்கள் லட்சியம் செய்யவேயில்லை. ஆனால் தேதியைச் சரியாக எழுதினார்கள். ஒன்றும் நடவாத இரவின் தகட்டையும் தூக்கி எறியாமல் வைத்தார்கள்.

பின்லாந்து தேசத்து வான சாஸ்திரிகள் அந்தப் பழைய தகடுகளிலிருந்து கிடைத்த அளவுகளையும், பின்னால் எடுத்த அளவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். 1988-ல் ஐமோ ஸில்லன்பாவும் அவருடைய நண்பர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 12 ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் புள்ளி பெரிதாக ஒளி விடுகிறது என்று அதில் சொன்னார்கள். நம் பக்கத்துப் பாஷையில் சொன்னால், மாமாங்கத்துக்கு ஒரு தரம். அடுத்தது 1994-ல் வரவேண்டும் என்றும் கூறினார்கள். 1994-ல் வந்தது.

மாமாங்கத்துக்கு ஒரு தரம் ஒளி எழுவானேன்? அங்கே இருப்பது ஒரு கருந்துளை அன்று, இரண்டு என்பது அவர்கள் கருத்து. பெரியது 1,800 கோடி சூரியர்களின் எடையுள்ளது. சிறியது 15 கோடி சூரியர்களின் எடையுள்ளது. பெரியதின் ஆரம் மட்டும், சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப் போல் 12 மடங்கு ஆகும். சிறியது பெரியதைச் சுற்றி வருகிறது. அதன் பாதை பெரியதின் வாயுத் தட்டுக்குச் சாய்வாக இருப்பதால், ஒரு சுற்றில் இரண்டு முறை அந்தத் தட்டைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகிறது. அப்போது கொதிக்கும் வாயு தட்டின் இருபுறமும் குமிழிகளாகப் பீறிட்டு எழுகிறது. இரண்டு நாளைக்குள் பிரகாசம் நான்கு மடங்காகிறது!

இரண்டு குத்துக்களுக்கும் இடையேயுள்ள காலம் ஒரே மாதிரி இருந்தால் கணக்கு சுலபம். ஆனால் சில சமயம் ஓராண்டு. சில சமயம் பத்தாண்டு. காரணம், அந்தப் பாதையே திரும்பிக்கொண்டிருக்கிறது. இவ்விடத்தில் நாம் சற்று நின்று, புதன் கிரகத்தின் பழங் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சூரியனைச் சுற்றும் புதனின் நீள்வட்டப் பாதை மெல்ல மெல்லத் திரும்புகிறது. நியூட்டனின் விதிப்படி கணக்கிட்டதற்கும் கண்ணால் கண்டதற்கும் சிறு வித்தியாசம் இருந்தது. நூறாண்டுக்கு 43 விகலை. இந்தக் கணக்கில் ஒரு பாகை திரும்ப 8,000 ஆண்டுக்கு மேல் ஆகும். இவ்வளவு அற்ப வித்தியாசத்தை அழித்துவிட்டு, "நியூட்டன் சொன்னபடியே வந்தது" என்று எழுதியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் 1859-ல் பிரெஞ்சு சாஸ்திரி லெவெரியே அந்த வித்தியாசத்தை அப்படியே வெளியிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் தவறாகப் போயிற்று. அவர் எழுதிவைத்த வித்தியாசமோ நிலைத்து நின்றது. 1915-ல் ஐன்ஸ்டீனின் புதிய ஈர்ப்புத் தத்துவம் அதை விளக்கிற்று.

கடக ராசியிலுள்ள அந்த இரட்டைத் துளையில் அதே திருப்பம், ஒரு சுற்றுக்கு சுமார் 39 பாகை! புதனிடம் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது, இங்கே யானை நடந்ததுபோல் ஆகிவிட்டது. ஐன்ஸ்டீனின் தத்துவத்தை வைத்துக்கொண்டு மௌரி வால்டோனனும் அவர் கூட்டத்தாரும் நாள் குறிக்கலானார்கள். 2007 செப்டம்பர் 13 என்றார்கள், ஒளி வந்தது. 2015-ன் முடிவில் என்றார்கள். அந்தத் தத்துவத்தின் நூற்றாண்டிலேயே வந்தது. 2018-ல், மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மாணவராயிருந்த லங்கேஸ்வர் டே முதலியவர்கள் கணக்கை இன்னும் நுட்பமாக்கி, அடுத்தது 2019 ஜூலை 31 என்று எழுதினார்கள்.

இங்கேதான் சங்கடம். ஜூலை 31 என்பது நமக்கு ஆடி மாதம். நமது வீட்டில் பஞ்சாங்கத்துக்கு அதிகாரி நம் தாயார். ஒருநாள், "அம்மா, ஆடியில் சூரியன் எந்த ராசியில் இருக்கிறான்?" என்று கேட்டோம்.

"கடகத்தில்தாண்டா! இதுகூடத் தெரியாமலா வாத்தியார் வேலை பார்க்கிறாய்?" என்றார்.

கடகத்தில் சூரியன் நிற்கும்போது கடகத்திலுள்ள புள்ளியைப் பார்ப்பது எப்படி? போதாக்குறைக்கு அன்று ஆடி அமாவாசை. சந்திரனும் சூரியனோடு சேர்ந்தே நின்றான். பூமியில் எந்த மலையின் மீது ஏறினாலும் பிரயோஜனமில்லை. ஆனால் பூமியைவிட்டு 25 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், 'ஸ்பிட்ஸர்' என்னும் தொலைநோக்கி சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்ற மூலையிலிருந்து பார்த்தால் சூரியன் குறுக்கே வரவில்லை. அதிலும் ஓர் ஆச்சரியம்: அந்தப் புள்ளி ஸ்பிட்ஸரின் பார்வைக்கு அகப்படத் தொடங்கும் நாளும் அதே ஜூலை 31-தான்! நாள் குறித்தவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை, தானாக அமைந்தது.

ஸ்பிட்ஸர் பார்த்தது. வெளிச்சம் வந்திருந்தது. குறித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் வித்தியாசம் 4 மணிக்குள் அடங்கியது. 350 கோடி ஆண்டு யாத்திரை செய்த விருந்தாளிக்கு நாள் குறித்து, அவரும் நாலு மணி முன்பின்னாக வந்து சேர்ந்தார் என்றால், இதைவிட வேறென்ன வேண்டும்? 1919-ல் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீன் தத்துவத்தைச் சோதித்த எடிங்டனின் நினைவாக, அந்த வெளிச்சத்துக்கு எடிங்டன் பெயரை வைத்தார்கள். 2020 ஜனவரியில் ஸ்பிட்ஸருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கதையை இத்துடன் முடித்திருந்தால் பையன்கள் கை தட்டியிருப்பார்கள். ஆனால் நாம் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அடுத்த வெளிச்சம் 2022 அக்டோபரில் என்று நாள் குறித்திருந்தார்கள். அப்போது சூரியன் கடகத்தை விட்டு நகர்ந்துவிட்டான், பார்ப்பதற்குத் தடையில்லை. ஜெர்மனியில் பான் நகரத்து ரேடியோ வான சாஸ்திர நிலையத்தைச் சேர்ந்த ஸ்டெபானி கோமோஸாவும் அவருடன் உழைப்பவர்களும், 'ஸ்விப்ட்' என்னும் விண்கோளைக் கொண்டும் பூமியிலுள்ள கருவிகளைக் கொண்டும் அந்தப் புள்ளியைப் பல ஆண்டுகளாக விடாமல் கவனித்து வந்தார்கள். அக்டோபரிலும் கவனித்தார்கள். விருந்தாளி வரவில்லை.

வரவில்லை என்று 2023-ல் அச்சிட்டே சொன்னார்கள். அதோடு நிற்கவுமில்லை. பெரிய கருந்துளையின் எடை 1,800 கோடி சூரியன் அன்று, 10 கோடி சூரியன் அளவே என்றும் தம் கணக்கைக் கூறினார்கள். அது உண்மையானால் பழைய கணக்கின் அஸ்திவாரமே ஆடிப்போகும். நாள் குறித்த கூட்டத்தாரும் சும்மாயிருக்கவில்லை. சிறிய துளையின் இழுப்பினால் பெரியதின் வாயுத் தட்டு மேலும் கீழும் வளைகிறது. அந்த வளைவைச் சேர்த்துக் கணக்கிட்டால், வெளிச்சம் 2022 ஜூலை, ஆகஸ்டிலேயே வந்து போயிருக்க வேண்டும் என்று பதில் எழுதினார்கள்.

ஜூலை, ஆகஸ்டு! மறுபடியும் ஆடி, மறுபடியும் கடகத்தில் சூரியன். ஆனால் இந்தத் தடவை, அப்பால் நின்று பார்க்க ஸ்பிட்ஸர் இல்லை.

இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு பையன், "அப்படியானால் யார் ஸார் ஜெயித்தது?" என்றான். இன்னும் ஒருவரும் ஜெயிக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நைனிடாலிலும், ஜப்பானிலும், போலந்திலும், பின்லாந்திலும் அந்தப் புள்ளியை அளந்தவர்களின் நோட்டுகளே அதில் சாட்சி. ஒரு தேசத்தில் விடிந்தால் இன்னொரு தேசத்தில் இருட்டும். ஒரு நோட்டு விட்ட இடத்தில் மற்றொன்று தொடரும். புள்ளியின் பக்கத்திலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்று இவ்வளவு பிரகாசம் என்று எழுதுவதே வேலை. பெரும்பாலான இரவுகளில் விசேஷமாக எழுத ஒன்றுமிராது.

நாம் கரும்பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதினோம். 'பார்த்தோம், வந்தது.' 'பார்த்தோம், வரவில்லை.' 'பார்க்க முடியவில்லை.' 2019 ஜூலை முதல் வாக்கியம்; 2022 அக்டோபர் இரண்டாவது; 2022 ஜூலை மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றாக எவரேனும் 'சரி பண்ணி' எழுதியிருந்தால், வழக்கு அன்றே பொய்த் தீர்ப்போடு முடிந்திருக்கும்.

இதைச் சொன்ன பிறகு, ஊசல் நோட்டுக்காரப் பையனை அழைத்துச் சென்று, நம் முன்னால் மறுபடி பரிசோதனை செய்யச் சொன்னோம். உரக்க எண்ணும்படியும் சொன்னோம். அவன் குண்டைக் கையிலிருந்து விட்டான், கடிகாரத்தை அழுத்தினான், அதே கணத்தில் "ஒன்று" என்றான்.

அவ்வளவுதான் ரகசியம்! குண்டு இன்னும் ஒரு ஆட்டங்கூட ஆடவில்லை, அதற்குள் ஒன்று. ஆகவே அவன் "இருபது" என்று நிறுத்தியபோது உண்மையில் ஆடியது பத்தொன்பது. பத்தொன்பது ஆட்டத்தின் நேரத்தை இருபதால் வகுத்தால் விடை 9.8 வராது, மிகச் சரியாக 10.86 வரும். அவன் அழித்த எண்கள் பொய் சொல்லவில்லை. "நீ எண்ணத் தொடங்கியது தப்பு" என்று அவனிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. ரப்பரை எடுத்து அவன் அழித்தது அந்தச் சாட்சியைத்தான்.

பையன் சற்று நேரம் ஊசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, பழைய அளவுகளையும் புதிய அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "முதல் தடவை பூஜ்யத்திலிருந்து எண்ணவில்லை" என்று கீழே குறித்தான். அந்தப் பக்கத்துக்கு நாம் முழு மார்க்கு கொடுத்தோம். பரீட்சைக்கு வருகிற வெளியூர் உபாத்தியாயர் அதைப் பார்த்து என்ன நினைப்பாரோ தெரியாது. வந்தால் நாமே அவருக்கும் கதையைச் சொல்வதாக உத்தேசம்.

தை மாதத் தேய்பிறையில், கடகத்தைக் காட்டுவதாக வாக்களித்து, ஏழெட்டுப் பையன்களை ஓர் இரவு பள்ளிக்கூடத்து மாடிக்கு அழைத்திருந்தோம். கையில் இருந்தது ஒரு பைனாகுலர் மட்டுமே. அதில் அந்தப் புள்ளி தெரியாது என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டோம். அது இருக்கும் திசையையாவது பார்க்கட்டுமே என்பது நம் ஆசை. எட்டு மணிக்குக் கிழக்கே ஒரு மேகம் ஏறிற்று. ஒன்பதரை வரையில் காத்திருந்தோம், கலையவில்லை.

நமது பையன் நோட்டும் பென்ஸிலுமாக வந்திருந்தான். "ஸார், என்ன எழுதுவது?" என்று கேட்டான்.

"தேதியை எழுது, மணியை எழுது. மேகம் என்று எழுது" என்றோம்.

எழுதினான்.